அந்த அரை நொடிக்கு முன்னால்

வாசகி கேட்டது:

“அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் 17 ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் நகரக் காவல்துறை பொதுமக்களுக்காக நடத்தும் பத்து வார வகுப்பில் சேர்ந்தேன். எட்டாவது வாரம் சிமுலேட்டர் அறைக்கு அழைத்துச் சென்று, கையில் ஒரு பயிற்சித் துப்பாக்கியைக் கொடுத்து, ஆளுயரத் திரையின் முன் நிறுத்தினார்கள். முதல் காட்சியில் ஒரு கறுப்பின இளைஞர் காருக்குப் பின்னாலிருந்து சட்டெனத் திரும்பினார். நான் சுட்டுவிட்டேன். அவர் கையில் இருந்தது செல்போன். மூன்றாவது காட்சியில் ஒரு வெள்ளையினத்தவர் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். நான் தயங்கி நின்றேன். ‘நீங்கள் இறந்துவிட்டீர்கள்’ என்ற பயிற்சியாளர், ‘இப்போது எங்கள் நிலைமை புரிகிறதா?’ என்றும் கேட்டார். இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. என் மகளின் உயிர்த்தோழி கறுப்பினப் பெண். எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள் மாதிரி. நான் இனவெறி பிடித்தவளா? நானே இப்படிச் செய்கிறேன் என்றால் காவலர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? நான் நகரக் காவல் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். எல்லாக் காவலர்களுக்கும் ஒரு நாள் ‘மறைமுகச் சார்பு’ (நாம் அறியாமலே மனத்தில் இருக்கும் பாரபட்சம்) பற்றிய பயிற்சி கொடுக்க நிதி ஒதுக்கும் தீர்மானம் அடுத்த மாதம் வருகிறது. ஆதரிக்கலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளும் ஒரே முடிச்சின் மூன்று இழைகள். இந்தத் துறையில் ஆய்வுகளைப் படிப்பதும் பயிற்சித் திட்டங்களை மதிப்பிடுவதுமே என் வேலை என்பதால், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன். நானும் அப்படிப்பட்ட அறையில் நின்றிருக்கிறேன். உண்மைத் துப்பாக்கியின் எடையிலேயே செய்யப்பட்ட அந்தக் கருவி, விசையை அழுத்தியதும் அடைத்து வைத்த வாயுவால் கையைப் பின்னுக்கு உதைக்கும்போது, இது விளையாட்டு என்று அறிவு சொல்வதை உடம்பு நம்ப மறுத்துவிடுகிறது. ஆகவே நீங்கள் தூங்காமல் கிடந்ததில் எனக்கு வியப்பில்லை. அந்தத் தவிப்பு உங்களுக்குள் இருக்கும் நல்ல ஒன்றிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஒரு திருத்தம். இரண்டு காட்சிகளை வைத்து ஒருவருடைய மனத்தை அளந்துவிட முடியாது. முதல் காட்சியில் நடித்தவர் சட்டெனத் திரும்பினார். மூன்றாவதில் நடித்தவர் எப்படி நின்றார், வெளிச்சம் எப்படி இருந்தது, முதல் காட்சியில் ஏமாந்துபோன அதிர்ச்சி உங்கள் விரலை எவ்வளவு கட்டிப் போட்டிருந்தது என்பதெல்லாம் சேர்ந்தே உங்கள் தயக்கத்தை உண்டாக்கியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் இதை அளப்பவர்கள், நிறம் தவிர மற்ற எல்லாவற்றையும் கூடியவரை சமமாக்கி, ஒருவருக்கே பல பத்துக் காட்சிகளைக் காட்டிய பிறகுதான் ஒரு சராசரியைச் சொல்லத் துணிகிறார்கள். உங்களுக்கு அன்று நடந்தது பரிசோதனை அன்று, ஓர் அனுபவம். ஆனால் அந்த அனுபவம் பொய்யும் அன்று. அது காட்டியது ஏராளமான மனிதர்களிடம் அளந்து பார்க்கப்பட்ட ஒன்றோடு ஒத்துப்போகிறது.

1999 பிப்ரவரி 4 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த அமடூ டியாலோ என்ற 23 வயது இளைஞரைச் சாதாரண உடையில் வந்த 4 காவலர்கள் 41 முறை சுட்டார்கள். 19 குண்டுகள் அவர்மேல் பாய்ந்தன. கினி நாட்டிலிருந்து பிழைக்க வந்து தெருவோரத்தில் பொருள் விற்று வாழ்ந்தவர் அவர். அவர் கையில் இருந்தது பணப்பை. துப்பாக்கி என்று நினைத்துவிட்டதாகக் காவலர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு விடுதலையும் ஆனார்கள். அவர் வெள்ளையராக இருந்திருந்தால் அந்தப் பணப்பை பணப்பையாகவே தெரிந்திருக்குமா என்று அன்று நாடே கேட்டது. ஒரு தனி நிகழ்வை வைத்து இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆகவே ஜோஷுவா கொரல் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணினி விளையாட்டை அமைத்து, அதன் முடிவுகளை 2002இல் வெளியிட்டார்கள்.

விளையாட்டு எளிமையானது. திரையில் ஒரு பூங்காவோ ரயில் நிலையமோ தோன்றும். எதிர்பாராத கணத்தில் அதில் ஓர் ஆள் முளைப்பார். அவர் கையில் துப்பாக்கியோ, செல்போன், பணப்பை, குளிர்பானக் குவளை போன்ற ஏதோவொன்றோ இருக்கும். ஆயுதம் இருந்தால் ஒரு பொத்தான், இல்லையென்றால் இன்னொரு பொத்தான். ஆயுதம் ஏந்திய கறுப்பினத்தவரைச் சுட மக்கள் எடுத்துக்கொண்ட நேரம் குறைவாக இருந்தது. ஆயுதம் இல்லாத கறுப்பினத்தவரை விட்டுவிட எடுத்துக்கொண்ட நேரம் கூடுதலாக இருந்தது. முடிவெடுக்கும் நேரத்தை முக்கால் நொடிக்கும் கீழே இறக்கியபோது, இந்த வேக வித்தியாசம் பிழையாகவே மாறியது: வெறுங்கையோடு நின்ற கறுப்பினத்தவர், வெறுங்கையோடு நின்ற வெள்ளையரைவிட அதிகமாகச் சுடப்பட்டார்.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதே ஆய்வில் இருக்கிறது. ஒருவர் தன் மனத்தில் எவ்வளவு வெறுப்பு வைத்திருக்கிறார் என்பதற்கும் விளையாட்டில் அவர் செய்த பிழைக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. கறுப்பினத்தவரைப் பற்றிச் சமூகத்தில் என்ன பேச்சு உலவுகிறது என்பதை அவர் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறார் என்பதோடுதான் தொடர்பு தெரிந்தது. இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. விளையாடியவர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள். அவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவு சார்பு இருந்தது. தன் இனத்தவர் முகத்தைக் கண்டும் விரல் முந்துகிறது என்றால், அதை வெறுப்பு என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது.

கீத் பெயின் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதன் உட்பகுதியை இன்னும் நெருங்கிக் காட்டுகிறது. ஒரு முகம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மின்னி மறையும். உடனே ஒரு துப்பாக்கியோ, ஸ்பேனர் போன்ற கைக்கருவியோ வரும். எது என்று சொல்ல வேண்டும். அவசரம் இல்லாதபோது யாரும் பெரிதாகத் தவறு செய்யவில்லை. அரை நொடிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நெருக்கியபோது, கறுப்பின முகத்துக்குப் பின் வந்த கைக்கருவி அடிக்கடி துப்பாக்கியாகிவிட்டது. நேரம் கிடைத்தால் நாம் நம்மைத் திருத்திக்கொள்கிறோம். நேரம் பறிக்கப்பட்டால், கேட்டு வைத்த கதை பேசிவிடுகிறது. என் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் சொல்லப் போகும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

அரையிருட்டில் கயிறு பாம்பாகத் தெரிவதைப் பற்றி நம் மொழியில் காலம்காலமாகப் பேசியிருக்கிறோம். கிடந்த கயிறு ஏன் மாலையாகவோ கொடியாகவோ தெரியாமல் பாம்பாகத் தெரிகிறது? பார்ப்பவர் மனத்தில் பாம்பு முன்பே குடியிருப்பதால்தான். பாம்பைப் பற்றிய அச்சத்துக்காவது நியாயம் உண்டு. இங்கோ ஒரு மக்கள் கூட்டத்தின் உடம்பே பாம்பாக வரையப்பட்டிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் ஜெனிஃபர் எபர்ஹார்ட் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உணரவே முடியாத வேகத்தில் கறுப்பின முகங்களைக் காட்டிய பிறகு, மங்கலாகத் தெரிந்த ஆயுதப் படங்களை மக்கள் முன்கூட்டியே அடையாளம் கண்டார்கள். ஃபிலிப் அட்டிபா காஃப் 2014இல் காட்டியதன்படி, கறுப்பினச் சிறுவர்களைப் பார்ப்பவர்கள் அவர்களுடைய உண்மை வயதைவிடச் சில ஆண்டுகள் கூட்டியே கணிக்கிறார்கள். ஒரே உயரமும் எடையும் கொண்ட ஆண்களில் கறுப்பினத்தவர் பெரிய உருவமாகவும் ஆபத்தானவராகவும் தோன்றுகிறார் என்று 2017இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. அதாவது கண், வயதைக் கூட்டுகிறது, உடம்பைப் பெரிதாக்குகிறது, கையில் இருப்பதையும் மாற்றிவிடுகிறது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் ‘நான் பார்த்தேன்’ என்ற நினைப்பே வருகிறது.

ஆகவே, சகோதரி, நீங்கள் வெறுப்பு கொண்டவர் அல்லர் என்று நான் முழுமையாக நம்புகிறேன். அதே சமயம், வெறுப்பு இல்லை என்பதால் நீங்கள் இதற்கு வெளியே நிற்பவர் ஆகிவிட மாட்டீர்கள். 17 ஆண்டுகளாக அந்த நாட்டின் இரவுச் செய்திகளைப் பார்த்திருக்கிறீர்கள். வீடு தேடிய நாட்களில், எந்தப் பக்கம் பார்க்கலாம், எந்தப் பக்கம் வேண்டாம் என்று நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குள் யார் முகம் இருந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். மகளின் தோழியிடம் நீங்கள் வைத்திருக்கும் அன்பு உண்மை. ஆனால் அது அந்த ஒரு பெண்ணை நீங்கள் நிதானமாக, பல ஆண்டுகள் பார்த்ததால் விளைந்தது. திரையில் திரும்பிய இளைஞருக்கு நீங்கள் கொடுத்தது அரை நொடி.

இனிக் காவலர்கள். பயிற்சியாளர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கையைத் தொங்கவிட்டபடி துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் அதை உயர்த்திச் சுட அரை நொடிகூட ஆகாது. ஏற்கெனவே குறிபார்த்து நிற்கும் காவலர்கூட அதை முந்துவது அரிது. இந்த அச்சத்தோடு வேலைக்குப் போய்வரும் மனிதரின் குடும்பம் இரவில் என்ன நினைத்துக்கொண்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ‘நீங்களே சுட்டீர்கள், ஆகவே எங்களைக் கேட்காதீர்கள்’ என்ற வாதம் தவறு. நீங்கள் அன்றுதான் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தொட்டவர். அவர்கள் இந்தப் பிழையைச் செய்யாமல் இருப்பதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்டு, ஊதியம் பெற்று, உயிரைப் பறிக்கும் அதிகாரத்தைப் பொதுமக்களிடமிருந்து வாங்கியவர்கள். முதல்முறை கத்தியைப் பிடித்தவர் செய்த தவறைக் காட்டி அறுவை மருத்துவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

பயிற்சி பலன் தருவதும் உண்மை. டென்வர் காவலர்களைக் கொண்டு கொரல் 2007இல் வெளியிட்ட ஆய்வில், காவலர்களின் வேகத்தில் பொதுமக்களிடம் இருந்த அதே சார்பு தெரிந்தது. ஆனால் யாரைச் சுடுவது என்ற இறுதி முடிவில் அவர்கள் பொதுமக்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் லோயிஸ் ஜேம்ஸ் உண்மையை ஒத்த சிமுலேட்டரில் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், காவலர்கள் கறுப்பினத்தவரைச் சுட வெள்ளையரைவிட அதிகமாகவே தயங்கினார்கள். மறுபுறம், கும்பல் குற்றங்களைக் கவனிக்கும் சிறப்புப் பிரிவுக் காவலர்களிடம் சார்பு தெளிவாகவே இருந்ததாக 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நாள்தோறும் எந்த முகத்தோடு எந்த ஆபத்தைச் சேர்த்துப் பார்க்கிறோமோ, அது பயிற்சியையும் அரித்துவிடுகிறது. இப்படி முடிவுகள் ஒன்றோடொன்று மோதுவதைக் காட்டி, ‘ஆக, பிரச்சினையே இல்லை’ என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லக்கூடும். அப்போது சொல்லுங்கள்: ஆய்வுக்கூடத்துக் காவலருக்குத் தான் கவனிக்கப்படுகிறோம் என்பது தெரியும், தெருவில், காவல்துறையின் துப்பாக்கிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேர் பலியாவதாக 2015 முதல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தொகுத்து வந்த பதிவு காட்டுகிறது, அதில் மக்கள்தொகை விகிதப்படி கறுப்பினத்தவர் வெள்ளையரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? என் பதில், பெரும்பகுதி அந்த அரை நொடியில் பிறப்பதில்லை என்பதே. அதற்கு முந்தைய நிமிடங்களிலும், சில சமயம் ஆண்டுகளிலும், அது பிறந்துவிடுகிறது.

கிளீவ்லாந்தில் 2014 நவம்பர் 22 அன்று நடந்ததைப் பாருங்கள். ஒரு பூங்காவில் சிறுவன் ஒருவன் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். ஒருவர் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து, துப்பாக்கியை ஆட்களை நோக்கி நீட்டுவதாகச் சொல்கிறார். அது போலியாக இருக்கலாம் என்றும், அவன் சிறுவனாக இருக்கலாம் என்றும் சேர்த்தே சொல்கிறார். அழைப்பை எடுத்தவர் இந்த இரண்டு தகவல்களையும் பதிவில் ஏற்றவில்லை; காருக்குப் போய்ச் சேர்ந்தது ‘துப்பாக்கியோடு ஓர் ஆள்’ என்பது மட்டும். பனி படிந்த புல்வெளிமேல் ஏறி வந்த கார் சிறுவனுக்குச் சில அடி தூரத்தில் நிற்கிறது. கார் வந்து சேர்ந்த 2 நொடிக்குள் தமீர் ரைஸ் சுடப்படுகிறான். காவலர்கள் வானொலியில் அவனுக்கு 20 வயது இருக்கலாம் என்கிறார்கள். அவனுக்கு வயது 12. சுட்டவர்மேல் குற்றம் சாட்டப்படவில்லை. தகவலை விட்டவருக்கு 2017இல் 8 நாள் பணியிடை நீக்கம்.

அந்த 2 நொடியை மட்டும் எடுத்துக்கொண்டால், அச்சம் நியாயமானதா இல்லையா என்று நாள்முழுதும் வழக்காடலாம். சற்றே பின்னால் போய்ப் பாருங்கள். காரைத் தொலைவிலேயே நிறுத்தி, அதன் பின்னால் மறைந்து நின்று, ஒலிபெருக்கியில் பேசியிருந்தால் இந்த 2 நொடி என்ற ஒன்றே இருந்திருக்காது. நேரத்தைப் பறித்தது அந்தச் சிறுவன் அல்லன். காரை ஓட்டி வந்த விதமும், பதிவில் ஏறாமல் போன இரண்டு சொற்களும்.

இந்த அரை நொடி சில சமயம் நம் கைப்பேசியிலேயே தொடங்கிவிடுகிறது. 2015 பிப்ரவரியில், அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து வந்திருந்த 57 வயதுத் தாத்தா ஒருவர் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். ‘மெலிந்த கறுப்பின ஆள்’ ஒருவர் வீடுகளை நோட்டமிடுவதாக அக்கம்பக்கத்திலிருந்து ஒருவர் காவல்துறையை அழைத்தார். வந்தவர்களிடம் தனக்கு ஆங்கிலம் தெரியாது என்றும் இந்தியா என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். ஒரு காவலர் அவரைத் தூக்கித் தரையில் அறைந்ததில் முதுகெலும்பில் பலத்த காயம் ஏற்பட்டு, உடல் பகுதியளவு செயலிழந்தது. நம்மில் பலர் அன்று ‘அவர் கறுப்பினத்தவர் அல்லரே’ என்று பதறினோம். அந்தப் பதற்றத்துக்குள் ஒளிந்திருந்த அர்த்தம் இன்றும் எனக்கு வேதனை தருகிறது. கறுப்பினத்தவராகவே இருந்திருந்தாலும் அவர் நடந்துகொண்டுதான் இருந்தார்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ‘ஒரு நொடி முடிவு’ என்ற சொல்லுக்கு இவ்வளவு எடை வந்தது அங்கிருந்துதான். 1989இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காவலர்கள் நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவர்கள் என்பதை மனத்தில் கொண்டு, அந்த இடத்தில் நின்ற நியாயமான காவலரின் பார்வையிலிருந்தே அவர்கள் செயலை எடைபோட வேண்டும் என்றது. அந்த வழக்கில் நடந்தது என்ன என்று பலருக்குத் தெரியாது. 1984இல் வட கரோலினாவின் ஷார்லட் நகரில், சர்க்கரை நோயாளியான டெதோர்ன் கிரஹாம் என்ற கறுப்பினத்தவர், ரத்தச் சர்க்கரை இறங்குவதை உணர்ந்து ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் போனார். வரிசை நீளமாக இருந்ததால் வேகமாக வெளியே வந்தார். அந்த வேகம் ஒரு காவலருக்குச் சந்தேகத்தைத் தந்தது. காரை நிறுத்தினார்கள், விலங்கிட்டார்கள், குடித்திருக்கிறார் என்றார்கள். நண்பர் கொண்டுவந்த சாற்றைக் கொடுக்க விடவில்லை. கடையில் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்து அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, அவருடைய பாதம் முறிந்திருந்தது. இதில் நொடிப்பொழுது எங்கே இருக்கிறது? ஒருவர் குடிக்கச் சாறு கொடுக்கலாமா என்று யோசிக்க நிமிடக்கணக்கில் அவகாசம் இருந்தது. அவகாசம் இருந்த ஒரு வழக்கிலிருந்தே அவகாசமின்மைக்கான சட்டப் பாதுகாப்பு பிறந்தது.

அண்மையில் ஒரு நல்ல திருப்பம் வந்திருக்கிறது. ஹூஸ்டன் பகுதியில் 2016இல் சுங்கக் கட்டண பாக்கிக்காக ஒரு கார் நிறுத்தப்பட்டது. கார் நகரத் தொடங்கியதும் காவலர் அதன் படிமீது தாவி ஏறி, உள்ளே இருந்த கறுப்பின இளைஞரைச் சுட்டார். கீழ் நீதிமன்றங்கள், படிமீது நின்ற அந்த 2 நொடியை மட்டுமே பார்ப்போம் என்றன. 2025 மே மாதம் பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, அப்படிக் கத்தரித்துப் பார்க்கக் கூடாது, முன்னால் நடந்தவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். ஆபத்தைக் காவலரே உண்டாக்கினால் அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதை மட்டும் அவர்கள் அன்று தொடவில்லை.

இந்த வெளிச்சத்தில் உங்கள் தீர்மானத்துக்கு வருகிறேன். மறைமுகச் சார்புப் பயிற்சி மட்டுமே கொண்ட தீர்மானமாக இருந்தால், என் கருத்து: அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நியூயார்க் காவல்துறை தன் காவலர்கள் அனைவருக்கும் இந்தப் பயிற்சியை அளித்தது. 2020இல் வெளியான மதிப்பீட்டில், காவலர்களின் அறிவு கூடியிருந்தது. ஆனால் தெருவில் யாரை நிறுத்துகிறார்கள், யார்மேல் பலம் பிரயோகிக்கிறார்கள் என்ற இன வித்தியாசத்தில் கண்டறியத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. பெயினின் ஆய்வை நினைத்துப் பாருங்கள்; இது எதிர்பார்க்க வேண்டியதுதான். நேரம் பறிக்கப்பட்ட கணத்தில், வகுப்பில் கேட்டது வந்து உதவாது. பயிற்சி முடிந்து கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டி ‘எங்கள் கடமை முடிந்தது’ என்று ஒரு துறை சொல்ல முடியும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய கவலை.

நேரத்தைத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாடுகள் பலன் தந்திருக்கின்றன. தொலைவு, மறைப்பு, நிதானமான பேச்சு ஆகியவற்றைப் பழக்கும் ஐகேட் என்ற பயிற்சியைக் கென்டக்கியின் லூயிவில் நகரில் படிப்படியாக அறிமுகப்படுத்தி அளந்தபோது, பலப்பிரயோக நிகழ்வுகள் 28 சதவீதமும், பொதுமக்களுக்கு ஏற்பட்ட காயங்கள் 26 சதவீதமும் குறைந்தன. காவலர்களின் காயங்கள் 36 சதவீதம் குறைந்தன என்பதை உங்கள் பயிற்சியாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நிதானம் காவலரைப் பலிகொடுக்கும் என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. சிகாகோவில் 2,000க்கும் மேற்பட்ட காவலர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், ‘இந்த ஆள் இப்படி நடந்துகொள்வதற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?’ என்று நெருக்கடியிலும் யோசிக்கப் பழக்கினார்கள். அங்கும் பலப்பிரயோகம் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஓக்லாந்தில் நடந்தது, செலவே இல்லாதது. எபர்ஹார்டின் குழுவோடு சேர்ந்து வேலை செய்த அந்த நகரக் காவல்துறை, ஒருவரை நிறுத்தும்போது காவலர் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தது: குறிப்பிட்ட குற்றத்தோடு இவரைத் தொடர்புபடுத்தும் தகவல் ஏதும் முன்பே உங்களிடம் இருந்ததா, ஆம் அல்லது இல்லை. 2017இல் ஏறத்தாழ 32,000 ஆக இருந்த நிறுத்தங்கள் மறு ஆண்டு 19,000 ஆகக் குறைந்தன. கறுப்பினத்தவரை நிறுத்துவது 43 சதவீதம் குறைந்தது. அங்கு குற்றமும் பெருகிவிடவில்லை. ஒவ்வொரு நிறுத்தமும் ஓர் அரை நொடிக்கான வாய்ப்பு என்று எண்ணிப் பார்த்தால், நடக்காமல் போன அந்த 13,000 நிறுத்தங்களின் அருமை விளங்கும். தப்பி ஓடுபவரைத் தனியாகத் துரத்திக்கொண்டு வீட்டுக் கொல்லைகளுக்குள் நுழைவதையும் அந்தத் துறை விதி போட்டுத் தடுத்தது. இருட்டில், மூச்சிரைக்க, மூலையில் எதிர்ப்படும் கையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நிலை அதனால் குறைந்தது.

எனவே தீர்மானத்தை எதிர்க்க வேண்டாம், திருத்தம் கொண்டுவாருங்கள். உங்கள் நகரத்தில் 911 அழைப்பை எடுப்பவர், அழைத்தவரின் சந்தேகங்களையும் (‘போலியாக இருக்கலாம்’, ‘சிறுவனாக இருக்கலாம்’) காவலருக்கு அப்படியே அனுப்ப விதி இருக்கிறதா? துப்பாக்கி அழைப்புக்குப் போகும் கார் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறதா? நிறுத்தப் படிவத்தில் காரணம் கேட்கும் கேள்வி உண்டா, நிரப்பிய படிவங்களை இனவாரியாகப் பொதுமக்கள் பார்க்க முடியுமா? சுடப்பட்ட நிகழ்வைக் காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவு ஆராயும்போது, கடைசி நொடியை மட்டும் பார்க்கிறார்களா, அழைப்பு வந்ததிலிருந்து பார்க்கிறார்களா? பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அது பலன் தந்ததா என்று வெளியிலிருந்து ஒருவர் அளந்து சொல்வதற்கு வைக்க முடியுமா என்பதையும் கேளுங்கள்.

உங்கள் தூக்கத்துக்கு ஒரு யோசனை. பெரும்பாலான சிமுலேட்டர்கள் பயிற்சியைப் பதிவு செய்பவை. பயிற்சியாளரிடம் உங்கள் முதல் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செல்போன் எந்தக் கணத்தில் தெரியத் தொடங்குகிறது, உங்கள் விரல் எந்தக் கணத்தில் அசைகிறது என்று பாருங்கள். பிறகு அதே காட்சியைக் காருக்குப் பின்னால் மறைந்து, இருபது அடி தள்ளி நின்று, மறுபடி செய்ய அனுமதி கேளுங்கள். அவரும் உங்களோடு நின்று பார்க்கட்டும். அவர் கேட்ட ‘புரிகிறதா?’ என்ற கேள்விக்கு இருவரும் சேர்ந்து பதில் தேட அது நல்ல இடம். இந்த மாதக் கடைசியிலும் தூக்கம் திரும்பவில்லை என்றால், தள்ளிப்போடாமல் உங்கள் ஊரில் ஓர் உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள்.

கேள்விகளைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் வாய்மொழியாகக் கேட்டால் ‘விசாரித்துச் சொல்கிறோம்’ என்ற பதிலோடு நேரம் முடிந்துவிடும். எழுத்தில் போனால் அது நிகழ்ச்சி நிரலில் ஏறும், பதிலும் எழுத்திலேயே வர வேண்டியிருக்கும்.